தண்ணீர் வடிந்தது போலிருந்த நேரம்

தம்பி,

நீயும் நித்யாவும் பெங்களூர் பஸ் ஏறிப் போனதிலிருந்து இதை மனதுக்குள் எழுதிக்கொண்டே இருக்கிறேன். போனில் சொல்லிவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் நீ "சரிம்மா, சரிம்மா" என்று முடித்துவிடுவாய். அந்தச் சரிம்மாவுக்கு என்ன பொருள் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். காகிதத்தில் எழுதினால் நீ குறுக்கே பேச முடியாது. போலீஸ் வேலையில் இருந்த காலமெல்லாம் மற்றவர்கள் சொல்லச் சொல்ல வாக்குமூலம் எழுதிய கை இது. சொந்தப் பிள்ளைக்கு எழுத உட்கார்ந்தால் எங்கே தொடங்குவதென்று தெரியவில்லை. காலையிலிருந்து இரண்டு தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். உன் அப்பா தோட்டத்துக்குக் கிளம்பும்போது எட்டிப் பார்த்துவிட்டு, "சும்மா விடு, போற புள்ளையப் பயங்காட்டாத" என்று சொல்லிவிட்டுப் போனார். பயங்காட்டத்தான் எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லவில்லை. உன்னிடம் சொல்கிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்த மேஜையிலேயே நீ லேப்டாப்பைத் திறந்து வைத்தாயே, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன். கோகர்ணத்தில் தொடங்கிக் கடலோரமாகவே தெற்கே நடந்து போகிற பாதை என்று காட்டினாய். ஒரு பக்கம் பச்சைக் குன்று, ஒரு பக்கம் கறுப்புப் பாறை, கீழே கடல். இடையில் சின்னச் சின்ன மணல்வெளிகள். ஓர் ஆற்றைப் படகில் கடக்க வேண்டும் என்றாய். எங்கே தங்குவது, எங்கே சாப்பிடுவது, யார் எந்தப் பையைச் சுமப்பது என்று எல்லாம் முடிவு செய்து வைத்திருந்தாய். உன் அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, அங்கே தெரிந்த தென்னை என்ன ரகம் என்று கேட்டுக்கொண்டிருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. நானும் எட்டிப் பார்த்துவிட்டு, இந்தச் சமயத்தில் அந்தப் பக்கம் மழை விட்டிருக்காதே என்று கேட்டேன். "மழை முடியப்போற நேரந்தாம்மா நல்லது. கூட்டம் இருக்காது, அருவியெல்லாம் கடலுக்குள்ளயே விழும்" என்றாய். அருவி கடலில் விழ வேண்டுமென்றால் அது முதலில் பாதையைத் தாண்ட வேண்டும். அதை நான் அப்போது வாய்விட்டுச் சொல்லவில்லை.

நித்யாதான் படத்தில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினாள். மணல் முடிந்து பாறைமுனை கடலுக்குள் நீட்டிக்கொண்டிருந்த இடம். கடல் உள்வாங்கி அலை இறங்கியிருக்கும்போது மட்டும் பாறைக்குக் கீழே சுற்றிப் போகலாம், ஏறிவிட்டால் வழி கிடையாது என்று அதில் எழுதியிருந்ததை அவள் படித்திருந்தாள். "ஏறியிருந்தா என்ன பண்றது?" என்று கேட்டாள். வேகமாகத் தாண்டிவிடலாம் என்றாய். இந்த இடத்தை மட்டும் விட்டுவிடுவோமே, மேலே ரோட்டு வழியாகச் சுற்றிப் போவோமே என்றாள். நீ நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, "ஏன் வேணாங்கிற? காரணம் சொல்லு" என்றாய். அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "என்னவோ பிடிக்கல" என்றாள். நீ சிரித்தாய். கோபமாகச் சிரிக்கவில்லை, பிரியமாகத்தான் சிரித்தாய். உன் அப்பாவும் கூடச் சிரித்தார். அவளும் கொஞ்சம் சிரித்துவிட்டு, மேஜையில் சிந்தியிருந்த சோற்றுப் பருக்கைகளை விரலால் ஒன்றுசேர்க்க ஆரம்பித்தாள். அதன் பிறகு அவள் அந்தப் பயணத்தைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. நீ கவனித்திருக்க மாட்டாய். நான் தட்டுகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். அந்தச் சிரிப்பை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன்.

அதற்கு முன்னால் உன்னைப் பற்றியே ஒன்று சொல்ல வேண்டும். நீ கல்லூரியில் சேர்ந்த வருஷம் கார்த்திகை மாதத்தில், சேத்தூர் தோட்டத்திலிருந்து அப்பாவைப் பின்னால் உட்கார வைத்து பைக்கில் வந்துகொண்டிருந்தாய். ஓடைத் தரைப்பாலத்தின் மேலே தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பக்கமும் ஆட்கள் நின்றுகொண்டிருந்தார்கள். ஒரு பஸ்கூட நின்றிருந்தது. நீ நிற்கவில்லை. அப்பா இறங்குகிறேன் என்று சொல்லியும் கேட்காமல் முதல் கியரில் போட்டு உறுமிக்கொண்டே தாண்டிவிட்டாய். எல்லோரும் கைதட்டினார்கள். அப்பா ஒரு மாதம் வரைக்கும் பார்த்தவர்களிடமெல்லாம் அந்தக் கதையைச் சொன்னார். பாதி பாலத்தில் பின்சக்கரம் ஒரு சாண் பக்கவாட்டில் நகர்ந்தது என்று எனக்கு மட்டும் சொன்னார். அன்றைக்கு நீ விழுந்து, முழங்கை பெயர்ந்து, பைக்கைத் தண்ணீரில் விட்டுவிட்டு வந்திருந்தால் இன்றைக்கு நான் இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். நீ தாண்டிவிட்டாய். அதனால் தாண்டலாம் என்று உனக்குள் ஏதோ ஒன்று முடிவு செய்துகொண்டது. அதற்குப் பிறகு உன் வாழ்க்கையில் எத்தனையோ இடங்களில் அது உனக்கு நன்மைதான் செய்திருக்கிறது. பரீட்சையிலும் வேலையிலும் நீ பின்வாங்காதவன். நித்யாவின் வீட்டில் சம்மதிக்க மாட்டோம் என்று சொன்னபோதுகூட நீ திரும்பி வரவில்லை, வாசலிலேயே நின்று சம்மதம் வாங்கினாய். மனிதர்கள் மனம் மாறுவார்கள். தண்ணீரிடம் நின்று வாங்குவதற்கு ஒன்றும் இல்லை.

நீ ஏழாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தபோது ஓர் ஐப்பசி மாத ஞாயிற்றுக்கிழமை, நான் யூனிபார்ம் முழுக்கச் சேறும் ஈரமுமாக வீட்டுக்கு வந்தேனே, ஞாபகமிருக்கிறதா? நீ கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்டாய். நான் நேராகக் கிணற்றடிக்குப் போய்விட்டேன். அன்றைக்கு நடந்ததை அப்பாவிடம் சொன்னேன். உன்னிடம் சொல்லும் அளவுக்கு உனக்கு அப்போது வயதாகவில்லை. பிறகு சொல்வதற்குச் சந்தர்ப்பம் வரவில்லை.

நம் ஊருக்கு மேற்கே, மாந்தோப்புகள் முடிந்து காடு தொடங்குகிற இடத்தில் இறங்கி வரும் ஆற்றை உனக்குத் தெரியும். அக்கரையில் காட்டுக்குள் கோயில் இருக்கிறது. அன்றைக்குக் காலையில் சாமி கும்பிடவும் குளிக்கவும் போனவர்கள் கணுக்கால் தண்ணீரில் சிரித்துப் பேசிக்கொண்டே அக்கரைக்குப் போயிருக்கிறார்கள். இங்கே நல்ல வெயில். மலைக்கு மேலே மட்டும் கறுப்பாக இருந்திருக்கிறது. முற்பகலில் தண்ணீர் வந்துவிட்டது. அக்கரையில் கொஞ்சம் பேர் மாட்டிக்கொண்டார்கள், பெண்களும் இருக்கிறார்கள் என்று ஸ்டேஷனுக்குத் தகவல் வந்ததும், எங்கள் இன்ஸ்பெக்டர் என்னையும் இரண்டு கான்ஸ்டபிள்களையும் அனுப்பினார். தீயணைப்பு வண்டியும் கயிறோடு கிளம்பிவிட்டது என்று சொன்னார்கள். நாங்கள் முதலில் போய்ச் சேர்ந்துவிட்டோம்.

நான் பயந்துகொண்டே போனேன். ஆனால் போய்ப் பார்த்தபோது ஆறு அப்படியொன்றும் பயங்கரமாக இல்லை. வந்த வெள்ளம் வடிந்துகொண்டிருந்தது. கரையில் ஈரக்கோடு மேலே தெரிந்தது, தண்ணீர் அதற்கு வெகு கீழே இறங்கியிருந்தது. நடுவில் மூழ்கிக் கிடந்த பாறைகள் ஒவ்வொன்றாகத் தலையைக் காட்டின. நம் தெருவைவிடக் கொஞ்சம்தான் அகலம். அக்கரையில் நிற்பவர்களின் சட்டைப் பொத்தான்கூடத் தெரிகிற தூரம். இந்த இடத்தை நன்றாகப் படி. தண்ணீர் பொங்கிக்கொண்டு போகும்போது யாரும் இறங்கவில்லை. எல்லோருக்கும் உயிர்மேல் ஆசை இருந்தது. வடிந்தது போலிருந்த நேரத்தில்தான் எல்லோருக்கும் வீட்டு ஞாபகம் வந்தது.

அக்கரையில் ஒரு புதுத் தம்பதி இருந்தார்கள். அந்தப் பெண்ணின் உண்மையான பெயரை எழுத வேண்டாம், கலா என்று வைத்துக்கொள். மம்சாபுரத்துப் பெண். கல்யாணமாகி ஒரு மழைக்காலம்கூட முடியவில்லை. அவளுடைய கணவன் உன்னை மாதிரி உயரம், உன்னை மாதிரி அகலத் தோள். பட்டாளத்துக்கு ஆள் எடுப்பில் தேர்வாகி, பயிற்சிக்குப் போகக் காத்துக்கொண்டிருந்தவன். கிணற்றிலும் கண்மாயிலும் நீந்தி வளர்ந்தவன். அவனோடு இரண்டு கூட்டாளிகள். அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரும் நாங்கள் விசில் அடிக்க அடிக்கக் கேட்காமல் கைகோத்துக்கொண்டு இறங்கினார்கள். முழங்கால் அளவுதான் வந்தது. ஒருமுறை தடுமாறினார்கள், அவ்வளவுதான். இக்கரைக்கு வந்து ஏறிவிட்டார்கள். நான் திட்டியதை அவர்கள் காதில் வாங்கவில்லை. நனைந்த சட்டையைப் பிழிந்துகொண்டே அக்கரையைப் பார்த்து, "ஏலே, வாலே, முட்டளவுதான்" என்று கையை ஆட்டிக் கூப்பிட்டார்கள். ஆற்றுச் சத்தத்தில் அது அவனுக்குக் கேட்டிருக்காது. கை தெரிந்திருக்கும்.

கலா ஒரு பெரிய பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். அவன் அவளிடம் குனிந்து ஏதோ சொன்னான். அவள் மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். அவன் கையைப் பிடித்து இழுத்தான். அவள் இரண்டு கையாலும் முழங்காலைக் கட்டிக்கொண்டாள். சுற்றி நின்ற இரண்டொரு பேர் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அந்தச் சிரிப்பைத்தான் நம் வீட்டு மேஜையில் மறுபடி பார்த்தேன். பிரியமான சிரிப்புத்தான், தம்பி. பொண்டாட்டி சின்னப்பிள்ளை மாதிரி அடம்பிடிக்கிறாள் என்கிற சிரிப்பு. ஆனால் அதையே நாலு பேர் பார்க்கும்போது சிரித்தால், கொஞ்ச நேரத்தில் அது கோபமாக மாறிவிடுகிறது. அவன் முகம் மாறியதை இக்கரையிலிருந்தே பார்த்தேன். நான் உள்ளங்கையைக் காட்டி நில் நில் என்றேன். பக்கத்தில் நின்ற கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். அவன் எங்களைப் பார்த்தான். இக்கரையில் நின்ற கூட்டாளிகளையும் பார்த்தான். பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு தனியாக இறங்கிவிட்டான்.

பாதி ஆறு நன்றாகத்தான் வந்தான். காலை ஊன்றி, பார்த்துப் பார்த்துத்தான் வந்தான். அவன் முட்டாள் இல்லை, அதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அப்போது மேலே வளைவில் ஏதோ அசைவதைப் பார்த்தேன். அலை மாதிரி எழும்பி வரும் என்று நீங்களெல்லாம் நினைப்பீர்கள். அப்படி வரவில்லை. தண்ணீரின் நிறம் மாறியது. பழுப்பாக ஒரு கோடு, அதற்கு முன்னால் சருகும் சுள்ளியும் தள்ளிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் வருவது போலத்தான் இருந்தது. கிட்டே வந்த பிறகுதான் அதன் வேகம் தெரிந்தது. நாங்கள் மூன்று பேரும் விசிலை ஊதினோம். அவன் நின்றான். முழங்காலிலிருந்த தண்ணீர் இடுப்புக்கு ஏறியது. முன்னால் வருவதா, பின்னால் போவதா என்று யோசித்தான் போலிருக்கிறது. திரும்பிக் கலாவைப் பார்த்தான். அதற்குப் பிறகு அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது. அவன் கத்தியதாகக்கூட எனக்குக் கேட்கவில்லை. கொஞ்சம் கீழே ஒரு கை தெரிந்தது என்று கான்ஸ்டபிள் சொன்னார். நான் பார்க்கவில்லை. இக்கரையில் அந்தக் கூட்டாளிகள் இரண்டு பேரும் கையை நீட்டியபடியே நின்றுகொண்டிருந்தார்கள்.

தீயணைப்புக்காரர்கள் வந்து மரத்துக்கு மரம் கயிறு கட்டி, ஒவ்வொருவராக இக்கரைக்குக் கொண்டுவந்தார்கள். கலா வரவில்லை. யார் கூப்பிட்டும் பாறையைவிட்டு எழுந்திருக்கவில்லை. ஆண்கள் தொடக் கூடாது என்று கையை உதறினாள். அதனால் என்னைக் கயிற்றில் கட்டி அக்கரைக்கு அனுப்பினார்கள். நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் அழவில்லை. அவளுடைய உள்ளங்கால் இரண்டும் வெளுத்துச் சுருங்கியிருந்தன. அவளாகவே பேசினாள். "அவிய எந்திரி எந்திரின்னாவ. எனக்குக் காலு வரலக்கா. ஏன்னு கேட்டாவ. சொல்லத் தெரியல. பயமா இருந்துச்சு, அம்புட்டுதான்." தண்ணீரைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. ஓடைக்கரையில் வளர்ந்தவளும் இல்லை. மேலே மழை பெய்வதை அவள் பார்க்கவுமில்லை. எல்லாம் தெரிந்த நாலு பேர் இறங்கலாம் என்று சொன்ன நேரத்தில் ஒன்றும் தெரியாத ஒருத்திக்குப் பயமாக இருந்தது. அவள் காரணம் சொல்லியிருந்தால் அவன் அந்தக் காரணத்தோடு வாதாடி ஜெயித்திருப்பான். உன்னைப்போலவே.

மறுநாள் கண்மாய்க்கு வருகிற கால்வாய் மதகில் அவன் கிடைத்தான். அடையாளம் காட்ட அவளை நான்தான் கூட்டிப் போனேன். அதைப் பற்றி எழுதப் போவதில்லை. அதற்குப் பிறகு ஸ்டேஷனில் நடந்ததைச் சொல்கிறேன். அவனுடைய அம்மா வந்திருந்தார். இன்றைக்கு எனக்கு இருக்கிற வயதைவிடச் சின்ன வயதாகத்தான் இருக்கும். சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்து, எதிரே இருந்த கலாவைப் பார்த்து ஒரே ஒரு தடவை கேட்டார். "ஏட்டி, நீ கையைப் பிடிச்சிருந்தா அவன் பைய நடந்திருப்பாம்லா. நீ ஏன் உக்காந்த?" கலா தலையைக் குனிந்துகொண்டாள்.  கையைப் பிடித்திருந்தால் இரண்டு பேரைத் தேடியிருப்போம் என்று எனக்குத் தெரியும். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் அதை எப்படிச் சொல்வது? ஆனால் ஊர் அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டது. உட்கார்ந்தவள் என்று அவளுக்குப் பெயரே ஆயிற்று. அவன் இறங்கியதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஆம்பளை என்றால் இறங்கத்தான் செய்வான் என்று விட்டுவிட்டார்கள். கலாவை அவளுடைய அண்ணன் வந்து கூட்டிப்போனார்.

இதையெல்லாம் படித்துவிட்டு, "எம்மா, அது காட்டாறு, இது கடல்" என்று நீ சொல்வாய். சொல்வாய் என்று தெரிந்துதான் அருவி கடலில் விழுகிறது என்று நீ சொன்னதை மேலே எழுதினேன். அங்கேயும் உங்களுக்குப் பின்னால் மலை இருக்கிறது. உங்களுக்கு வெயிலடிக்கும்போது அங்கே பெய்யலாம். முன்னால் கடல் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் காலடி அகலத்தில் நீ ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறாய். அலை இறங்குகிற நேரத்தைப் போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பாய். போன் சொல்கிற நேரத்தில் கடல் இறங்கும், சரி. நீங்கள் அந்த நேரத்துக்கு அங்கே இருப்பீர்களா? வழியில் நித்யாவுக்குக் காலில் கொப்புளம் வரும். நல்ல இடமென்று நின்று படம் எடுப்பீர்கள். சாப்பாட்டுக் கடையில் தாமதமாகும். பாறைமுனைக்கு வரும்போது அலை ஏற ஆரம்பித்திருக்கும், ஆனால் முழுதாக ஏறியிருக்காது. அந்தக் கொஞ்ச நேரத்தை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வரவில்லை. முழுதாக ஏறியிருந்தால் நீ போக மாட்டாய். நீ படித்தவன், உனக்குப் புத்தி இருக்கிறது. இன்னும் போகலாம் போலிருக்கிறதே என்று தோன்றுகிற நேரத்தில்தான் உன் புத்தியை நான் நம்பவில்லை.

போக வேண்டாம் என்று சொல்லவில்லை. சொன்னால் கேட்கிற வயது உனக்கில்லை. சொல்கிற உரிமையும் இப்போது எனக்குக் கொஞ்சம்தான் மிச்சம். ஆனால் இன்னும் திட்டம்தானே போட்டுக்கொண்டிருக்கிறாய், அதில் என்னுடைய ஆசைக்கும் இடம் கொடு. மழை முழுதாக விட்ட பிறகு போக முடியுமா என்று பார். கூட்டம் இருந்தால் இருக்கட்டும், மனிதர்கள் பக்கத்தில் இருப்பது ஒன்றும் கெடுதல் இல்லை. எந்த ஊரில் இறங்குகிறீர்களோ அங்கே வலை உலர்த்திக்கொண்டிருக்கிற யாரிடமாவது, இந்த வழியாகப் போகிறோம், இந்த ஊரில் ஏறுவோம் என்று சொல்லிவிட்டுப் போ. அவர்கள் வேண்டாம் என்று தலையை ஆட்டினால் எதிர்த்து எதுவும் கேட்காதே. அந்தப் பாறைமுனைக்கு மேலே ரோடு இருக்கிறது என்று நித்யா சொன்னாள். அந்த ரோட்டில் ஆட்டோ கிடைக்குமா என்று இப்போதே விசாரித்து வை. கடலோரமாகவே நடந்தோம் என்று பிறகு சொல்லிக்கொள்ள முடியாதே என்று உனக்கு வருத்தமாக இருக்கும். இருக்கட்டும். அந்த வருத்தத்தோடு நீ வீட்டுக்கு வா, நான் மீன்குழம்பு வைத்துத் தருகிறேன்.

இன்னொன்று. இது எல்லாவற்றையும்விடக் கஷ்டமானது. அவள் பயமாக இருக்கிறது என்று சொன்னால் காரணம் கேட்காதே. கடற்கரையில் மட்டும் இல்லை, எங்கேயும். நீ கேட்டால் அவள் தேடுவாள். கிடைக்கவில்லை என்றால் தன் பயத்தையே தப்பென்று நினைத்துக்கொண்டு உன் பின்னால் வந்துவிடுவாள். உன்மேல் அவ்வளவு பிரியமாக இருக்கிறாள், அதுதான் எனக்குக் கவலை. கலா உட்கார்ந்தாள். நித்யா உட்கார மாட்டாள் என்று நினைக்கிறேன். மேஜையில் அந்தப் பருக்கைகளைப் பொறுக்கிய விரல்களைப் பார்த்தபோது அப்படித்தான் தோன்றியது. நீ கூப்பிட்டால் அவள் நீச்சல் தெரியாத காலை வைத்துக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிடுவாள்.

நீங்கள் போன பிறகு வியாழக்கிழமை நான் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனேன். கலா அங்கேதான் அண்ணன் வீட்டுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறாள் என்று எப்போதோ கேள்விப்பட்டிருந்தேன். இத்தனை வருஷத்தில் நான் போய்ப் பார்த்ததில்லை. பேண்டேஜ் துணி நெய்கிற இடத்தில் வேலைக்குப் போகிறாள், அன்றைக்கு விடுமுறை. கதவைத் திறந்ததும் யூனிபார்ம் இல்லாமலே என்னை அடையாளம் கண்டுகொண்டாள். தலையில் பாதி நரைத்துவிட்டது. மறுகல்யாணம் செய்துகொள்ளவில்லை. காபி போட்டுக் கொடுத்தாள். எதற்கு வந்தீர்கள் என்று கேட்கவே இல்லை. நானாகத்தான் சொன்னேன். மகனும் மருமகளும் கடலோரமாக நடந்து போகத் திட்டம் போட்டிருக்கிறார்கள், எனக்கு மனது சரியில்லை, உன் கதையை அவனுக்கு எழுதலாமா என்று கேட்டேன். அவள் காலி டம்ளரை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். பிறகு, "மருமக பயந்த சுபாவமாக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "எழுதுங்க" என்றாள்.

நான் கிளம்பும்போது வாசல் வரைக்கும் வந்தாள். அப்போதுதான், அன்றைக்குப் பாறையிலும் சொல்லாத, ஸ்டேஷனிலும் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அவன் ஆற்றின் நடுவில் நின்று திரும்பிப் பார்த்ததை நான் இக்கரையிலிருந்து பார்த்தேன் என்று எழுதினேன் அல்லவா, அதை அவள் அக்கரையிலிருந்து பார்த்திருக்கிறாள். "அவிய திரும்பிப் பாத்தாவ. கோவம் போயிருச்சு, திரும்பி வாராவன்னு நெனச்சேன். பக்கத்துல ஒக்காருவாவன்னு நான் செத்த நகந்து எடம் விட்டேங்க்கா." சொல்லிவிட்டு, எவ்வளவு இடம் என்று நிலைப்படியில் கையை வைத்துக் காட்டினாள். ஓர் ஆள் உட்காருகிற அளவு இருந்தது.

பஸ்ஸில் திரும்பி வரும்போதெல்லாம் அந்தக் கை அளவுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. இனி நான் எழுதுவதற்கு ஒன்றுமில்லை. நித்யாவையும் இதைப் படிக்கச் சொல். படித்துவிட்டு உட்கார அவளுக்குத் தைரியம் வர வேண்டும். அவள் உட்கார்ந்தால், நீ எவ்வளவு தூரம் போயிருந்தாலும் திரும்பி வந்து அவள் பக்கத்தில் உட்கார்.

அம்மா